உப்புப் பெறாத விடை

வினாத்தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.
அதனால் பதினோராம் கேள்வியை
நாங்கள் நால்வரும் ஞாபகத்திலிருந்துதான் கட்டி எழுப்பினோம்,
வால்விஸ் பே காயல் சுவரில் உட்கார்ந்து,
ஒரு மீன்பெட்டி அட்டையின் முதுகில்.

நிமிடத்துக்குப் பதினாறு கனமீட்டர் என்றாள் ந்தாபேவா.
பதினெட்டு என்றான் யாந்த்ரே.
பதினாறுதான். எனக்கு நிச்சயம்.
என் பேனா கக்கிய மை
அந்த ஆறின் வயிற்றில்தான் விழுந்தது.

கன்வேயர் பட்டையிலிருந்து உப்பு கொட்டுகிறது.
குவியல் எந்நேரமும் கூம்பு.
உயரம், ஆரத்தில் முக்கால்.
உயரம் ஆறு மீட்டராகும் கணத்தில்
அது என்ன வேகத்தில் உயர்கிறது?

யாந்த்ரே ஆரத்தை எட்டில் பூட்டிவிட்டு
உயரத்தை மட்டும் ஓடவிட்டிருந்தான்.
வந்த வேகம் மூன்று மடங்கு.
"பக்கவாட்டில் பரவாத உப்பா?
அது குவியல் இல்லடா, ஊசி" என்றான் உவாசுவா.
அவன் அம்மா உப்பளத்தில் லாரி ஓட்டுகிறாள்.

ந்தாபேவா வாய் திறக்கவில்லை.
இரண்டு முறை கேட்டபின் சொன்னாள்:
"எனக்குப் பூஜ்ஜியம் வந்தது."

ஆறை முதலிலேயே போட்டுவிட்டாள்.
உயரம் ஆறு, ஆரம் எட்டு,
கனஅளவு நூற்று இருபத்தெட்டு பை.
அதற்கப்புறம் வகைக்கெழு எடுத்தால்
மாறிலிக்கு என்ன கிடைக்கும்?
பட்டை ஓடுகிறது, உப்பு கொட்டுகிறது,
அவள் தாளில் மட்டும்
குவியல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.
உப்புக் கணக்கில்
உப்புப் பெறாத விடை.

மறுபடி தொடங்கினோம்.
எண்களை வாசலிலேயே நிற்கச் சொன்னோம்.
உயரம் உயரமாகவே இருக்கட்டும்,
ஆரத்தை அதற்குள் கரைத்துவிடு என்றேன்.
உயரத்தின் கனம், பதினாறு பை, கீழே இருபத்தேழு.
பாலைவனத்திலிருந்து வந்த காற்று
அட்டையைப் பிடுங்கப் பார்த்தது.
யாந்த்ரே அதன் ஓரத்தில் ஷூக்காலை ஊன்றினான்;
சமன்பாட்டின் பாதி
அவன் அடிக்காலுக்குள் போய்விட்டது.
"காலை எடு." "எடுத்தால் பறக்கும்." "விரலையாவது நகர்த்து."

சங்கிலி விதி.
மூன்றும் இருபத்தேழும் அடிபட்டு ஒன்பது மிஞ்சியது.
இப்போது, இப்போதுதான்,
ஆறு உள்ளே வரலாம்.

அறுபத்துநான்கு பை.
பதினாறை அதனால் வகுக்க,
நான்கு பையில் ஒன்று.
மூட்டைக் கணக்குப் போல ஒலிக்கிறது;
எங்களுக்கோ அது
நிமிடத்துக்கு எட்டு சென்டிமீட்டர்,
அதுவும் முழுசாக இல்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் ந்தாபேவா.
மூன்று மீட்டர் உயரத்துக்குப் போட்டுப் பார்த்தாள்:
முப்பத்திரண்டு.
அதே பட்டை, அதே உப்பு.
உயரம் இரட்டித்தால் வேகம் காலாகிவிடுகிறது.

உவாசுவா தோளைக் குலுக்கினான்.
"பெரிசானப்புறம் உச்சியில மட்டும் போட்டா நிக்காது.
சுத்திலும் போர்த்தணும்."
வீட்டைப் பற்றிச் சொல்கிறானோ என்று
அவன் முகத்தைப் பார்த்தேன்.
உப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

காயலுக்கு அக்கரையில் நிஜக் குவியல்கள்,
அவற்றில் ஒன்றின் தலைமேல் நிஜப் பட்டை.
இடையே பூநாரைகள்
ஒற்றைக் காலில் நின்று
இன்னும் தேர்வு எழுதிக்கொண்டிருந்தன.
கண்ணுக்குத் தெரிகிறதா என்று
கட்டைவிரலை நீட்டி அளந்தோம்.
எட்டு சென்டிமீட்டர்
அத்தனை தூரத்திலிருந்து தெரியவே தெரியாது.
ஆனாலும் விரலை மடக்க மனம் வரவில்லை.

ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது.
பட்டை ஒரு முறை குலுங்கி
நின்றது.
கடைசி உப்பு சரிந்து முடியும்வரை காத்திருந்து
ந்தாபேவா எழுந்து பாவாடையைத் தட்டினாள்.
"இப்ப எடுங்க வகைக்கெழு."

எடுத்தோம்.

மதிப்பெண் போட எங்களில் யாருக்கும் அதிகாரமில்லை.
மிச்சமிருந்த ஒரே ஃபெட்குக்கை
அவளிடம் நீட்டினோம், எண்ணெய்க் காகிதத்தோடு.
மூடுபனி கடலை முடித்துவிட்டுக்
கரைக்கு ஏறிக்கொண்டிருந்தது.
அட்டையை நான்காக மடித்துச்
சட்டைக்குள் செருகிக்கொண்ட யாந்த்ரே
பஸ் நிறுத்தம்வரை சொல்லிக்கொண்டே வந்தான்,
பதினெட்டு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு,
பதினெட்டு.